மனைக் கம்பெனிக்கு என்ன பெயர் வைப்பது?

குழந்தைக்குப் பெயர் வைப்பது என்றால் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடக்கும். பாட்டி ஒரு பெயர் சொல்லுவாள். தாத்தா குலதெய்வத்தின் பெயரைச் சொல்லுவார். அத்தை சொன்ன பெயரை வைக்காவிட்டால் அத்தைக்குக் கோபம் வரும். கடைசியில் மூன்று பெயர் வைத்து, ஒன்றை மட்டும் கூப்பிடுவார்கள்.

வீட்டு மனை விற்கும் கம்பெனிக்குப் பெயர் வைப்பது அப்படி அல்ல. ஒரு டம்ளர் டீ குடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

மாமாவும் மச்சானும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா தரகுத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். மச்சான் படித்தவன். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் நிலம் பேசி முடித்திருக்கிறார்கள்.

"மச்சான், பெயர் கம்பீரமாக இருக்க வேண்டும். 'ராயல்' என்று வைப்போம்."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏற்கெனவே ஒரு ராயல் இருக்கிறதே, மாமா."

"அப்படியானால் 'நியூ ராயல்'."

"அதுவும் இருக்கிறது."

"சரி, 'ஸ்ரீலட்சுமி நியூ ராயல்' என்று போடு. யாரும் வைத்திருக்க மாட்டான்!"

முடிந்தது. மறுநாள் போர்டு எழுதக் கொடுக்கிறார்கள். பத்தாயிரம் நோட்டீசு அச்சாகிறது. அதன் பிறகுதான், "இன்டர்நெட்டில் நமக்கு ஒரு முகவரி வேண்டாமா?" என்ற நினைவு வருகிறது. தேடிப் பார்த்தால், நினைத்த முகவரியை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். இரண்டு எழுத்தைக் கூட்டுகிறார்கள். நடுவில் ஒரு கோட்டைப் போடுகிறார்கள். எப்படியோ ஒரு முகவரி வாங்குகிறார்கள். போர்டில் ஒரு பெயர். இன்டர்நெட்டில் இன்னொரு பெயர்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று?

சோப்புக் கம்பெனியாக இருந்தால் ஒன்றும் கெடவில்லை. சோப்பு பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்கிக்கொள்ளலாம். மனை அப்படியா? பெண்டாட்டியின் நகையை வைத்து, பி.எப். பணத்தை எடுத்து, பாங்கியில் இருபது வருடத்துக்குக் கடன் வாங்கி, ஒரு குடும்பம் ஆயுளில் ஒரு முறை வாங்குகிற பொருள் அது.

வாங்கியதோடு வேலை முடிவதும் இல்லை. ரோடு போடுகிறேன் என்றாரே, போடவில்லையே என்று கேட்க வேண்டும். பூங்காவுக்கு விட்ட இடத்தில் யாரோ வேலி போடுகிறானே என்று சொல்ல வேண்டும். வீடு கட்டக் கடன் கேட்டால், "மூலப் பத்திரத்தின் நகல் எங்கே?" என்கிறது பாங்கி. அதை வாங்கப் போக வேண்டும். எங்கே போவது? யார் பெயரைச் சொல்லிக் கேட்பது?

மனைக் கம்பெனியின் பெயர் என்பது, வாங்கியவர் திரும்பி வந்து தட்டுகிற கதவு. அந்தக் கதவு பத்து வருடம் கழித்தும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கம்பீரம், ராசி, எண் கணிதம் எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ராயலுக்குத் தடை

மாமாவுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. இருவர் கூட்டாகத் தொழில் செய்தால் அதற்கு 1932-ம் வருடத்துக் கூட்டு வியாபாரச் சட்டம் உண்டு. அதன் 58-வது பிரிவு, கூட்டுக் கம்பெனியின் பெயரில் சில சொற்கள் வரக்கூடாது என்கிறது. 'கிரவுன்', 'எம்பரர்', 'எம்பயர்', 'இம்பீரியல்', 'கிங்', 'குயின்', 'ராயல்' ஆகியவை அந்தச் சொற்களில் சில. மாநில அரசாங்கம் எழுத்து மூலம் சம்மதித்தால்தான் இவற்றை வைக்கலாம்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. ராஜா பெயரைச் சொல்லி எவனும் வியாபாரம் செய்துவிடக்கூடாது என்று எழுதினார்கள். ராஜா போய்விட்டார். சட்டம் இருக்கிறது. ராயல் மோகமும் இருக்கிறது!

அரசாங்கமே ஆதரவு தருவதுபோல் காட்டும் சொற்களுக்கும் அதே பிரிவில் தடை உண்டு. இது சரியான தடை. 'நேஷனல்', 'முனிசிபல்', 'பஞ்சாயத்து', 'டெவலப்மென்ட் அதாரிட்டி' போன்ற சொற்களைக் கம்பெனிப் பெயரில் சேர்க்க வேண்டுமானால், மத்திய அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் விதிகளும் சொல்லுகின்றன. காரணம் என்ன? எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பெரியவர் அந்தப் போர்டைப் பார்த்தால், "சர்க்கார் விற்கிற மனை போலிருக்கிறது" என்று நினைத்துவிடுவார். தன்னிடம் இல்லாத நம்பிக்கையை இரவல் வாங்குவது அது.

காந்தி, நேரு, இந்திரா காந்தி, சத்ரபதி சிவாஜி ஆகியோரின் பெயர்களை வியாபாரத்துக்கு வைப்பதற்கும் 1950-ம் வருடத்துச் சட்டம் ஒன்று தடை போட்டிருக்கிறது. சின்னங்கள், பெயர்கள் ஆகியவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் அது.

மூன்று கதவு

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகத் தொடங்குகிறவர்கள், 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டப்படி முதலில் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். புதுக் கம்பெனிக்கு இரண்டு பெயர்கள் எழுதிக் கொடுக்கலாம். ஏற்கெனவே உள்ள கம்பெனியின் பெயர்போல் இருந்தால் கிடையாது. கிடைத்தால், அந்தப் பெயரை 20 நாட்களுக்கு ஒதுக்கி வைப்பார்கள். அதற்குள் மற்றக் காகிதங்களைக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். "கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டது, இனி இந்தப் பெயர் நமக்கே சொந்தம்" என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வியாபாரச் சின்னம் என்கிற டிரேட் மார்க் பதிவு வேறு. இன்டர்நெட் முகவரி வேறு. மூன்றும் மூன்று கதவு. ஒன்று திறந்தால் மற்ற இரண்டும் தானாகத் திறந்துவிடாது.

டிரேட் மார்க்கில் தொழில்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நிலம், வீடு வாங்கி விற்பது 36-வது வகுப்பு. கட்டடம் கட்டுவது 37-வது வகுப்பு. தனி மனிதர்களும் சிறு தொழில்காரர்களும் இன்டர்நெட் மூலம் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்கலாம். ஊர்ப் பெயரையும் தொழிலின் பெயரையும் மட்டும் சேர்த்து, 'மதுரை மனை' என்று வைத்தால் பதிவு கிடைப்பது கஷ்டம். மதுரை எல்லோருக்கும் பொது. மனை என்ற சொல்லும் பொது.

இன்டர்நெட்டில் ஒரு மனை

இன்டர்நெட் முகவரி என்பது என்ன? டொமைன் என்கிறார்களே, அது என்ன?

நிலத்தை வைத்தே சொல்லலாம். உலகத்தில் உள்ள ஒவ்வொரு மனைக்கும் ஒரு சர்வே நம்பர் இருப்பதுபோல, இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் நீளமான ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரை மனிதனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 1983-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நம்பருக்குப் பதில் பெயரைச் சொன்னால் போதும். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கேட்டு, நம்பரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தப் பெயர்தான் டொமைன். 'டாட் காம்', 'டாட் இன்' என்பவை அதன் வால்.

'டாட் காம்' முகவரியை முதன் முதலில் பதிவு செய்தது அமெரிக்காவில் கம்ப்யூட்டர் செய்த 'சிம்பாலிக்ஸ்' என்ற கம்பெனி. நாள்: 1985 மார்ச் 15. அப்போது கட்டணமே கிடையாது! 1995-ல்தான் பணம் வாங்க ஆரம்பித்தார்கள். சிம்பாலிக்ஸ் கம்பெனி நொடித்துப் போயிற்று. முகவரியை 2009-ல் வேறொருவர் விலைக்கு வாங்கிக்கொண்டார். கட்டியவர் போன பிறகும் நல்ல மனைக்குக் கிராக்கி இருக்கத்தானே செய்யும்!

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நிலம் கிரயத்துக்குக் கிடைக்கும். டொமைன் கிரயத்துக்குக் கிடைக்காது. குத்தகைதான். ஒரு வருடத்துக்கு எடுக்கலாம். அதிகமாகப் போனால் ஒரே தடவையில் 10 வருடத்துக்கு எடுக்கலாம். தவணை தீர்ந்தால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். சாதாரண 'டாட் இன்' முகவரி என்றால், வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். கட்ட மறந்தால் சில வாரம் பொறுப்பார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். பட்டா யார் பெயரில் என்று பார்க்காமல் நிலம் வாங்குவார்களா? மாமா வாங்கவே மாட்டார். ஆனால் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருப்பான். இரண்டு வருடம் கழித்து அவனோடு சண்டை வரும். அல்லது அவன் வேலை கிடைத்துத் துபாய்க்குப் போய்விடுவான். முகவரியும் அவனோடு போய்விடும். டொமைன் கம்பெனியின் பெயரில் இருக்க வேண்டும். திறக்கிற ரகசியச் சொல் முதலாளியின் கையில் இருக்க வேண்டும். பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைக்கிறவர் இதையும் வைக்கலாமே!

போனில் சொல்லிப் பார்

முகவரியில் ஆங்கில எழுத்து வரலாம். எண் வரலாம். சிறு கோடு வரலாம். இடைவெளி கூடாது. ஒரு துண்டுக்கு 63 எழுத்துவரை இடம் கொடுக்கிறார்கள். இடம் இருக்கிறது என்பதற்காக 63 எழுத்தையும் எழுத வேண்டியதில்லை. மனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சுற்றிலும் கொஞ்சம் விட்டுத்தானே வீடு கட்டுகிறோம்?

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய தொல்லை வருகிறது. 'பூமி' என்று கம்பெனிக்குப் பெயர். நல்ல பெயர்தான். அதை எப்படி எழுதுவது? பி-எச்-ஓ-ஓ என்று தொடங்கலாம். எச் இல்லாமல் பி-ஓ-ஓ என்றும் எழுதலாம். பி-எச்-யு என்றும் எழுதலாம். பள்ளிக்கூடத்தில் தமிழ் மட்டும் படித்த அம்மாள், பி-க்குப் பதில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவுக்குப் போடுகிற பீ-யைப் போட்டாலும் தப்புச் சொல்ல முடியாது. ஒரு பூமிக்கு நான்கு எழுத்து! அவற்றில் ஒன்றைத்தான் கம்பெனி வைத்திருக்கிறது. மற்ற மூன்றையும் தட்டுகிறவர்கள் வேறு வாசலுக்குப் போய்விடுகிறார்கள்.

'சோழன்' என்று வைத்தால் ழ-வுக்கு எல் போடுவதா, இசட்-எச் போடுவதா? இதற்கு இன்னும் தமிழ்நாட்டில் பஞ்சாயத்து முடியவில்லை. 'ஏழுமலை' என்பதை எண்ணால் எழுதுவதா, எழுத்தால் எழுதுவதா? 'இல்லம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் முதல் மூன்று எழுத்தும் மூன்று குச்சியை நட்டு வைத்தது போலிருக்கும்.

சோதனை சுலபமானது. ஊரில் இருக்கிற பெரியம்மாவுக்குப் போன் செய்து பெயரை ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். பஸ் சத்தத்துக்கு நடுவில் சொன்னால் இன்னும் நல்லது. அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேத்தியை விட்டுப் போனில் தட்டச் சொல்ல வேண்டும். சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தால் பெயர் தேறியது. "என்னடா சொன்னே? நடுவில் கோடா? சின்ன கோடா, பெரிய கோடா?" என்று கேட்டால் பெயர் தோற்றுவிட்டது.

பெரியம்மாவுக்குத் தமிழே போதுமே என்றால், அதற்கும் வழி வந்துவிட்டது. 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே வால் வைத்து, முகவரி முழுவதையும் தமிழில் வாங்கலாம். ஆனால் சில இடங்களில், பாரம் நிரப்பும்போது தமிழ் முகவரியை இன்னும் ஏற்க மறுக்கிறது. எனவே தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வதே புத்தி. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. போர்டில் உள்ள தமிழ், முகவரியிலும் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஓர் எழுத்துக்காக வழக்கு

முகவரி கிடைக்கவில்லை என்றால் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வது என்று ஒரு வழக்கம் இருக்கிறது அல்லவா? அது கோர்ட்டுவரை போன கதை உண்டு.

'சத்யம் இன்போவே' என்ற கம்பெனி தன் பெயரின் எழுத்துக்களைப் பொறுக்கி 'சிபி' என்று ஒரு புதுச் சொல் செய்தது. 1999 ஜூன் மாதத்தில் அந்தச் சொல்லை வைத்துப் பல முகவரிகளைப் பதிவு செய்தது. அவற்றில் ஒன்று 'சிபி ரியல் எஸ்டேட் டாட் காம்'! பிறகு வேறொரு கம்பெனி வந்தது. நடுவில் ஆங்கில எப் எழுத்தை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, 'சிப்பி நெட்' என்று முகவரி எடுத்தது. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பெங்களூர் சிவில் கோர்ட்டு தடை கொடுத்தது. ஐகோர்ட்டு தடையை நீக்கியது. சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் மறுபடியும் தடை கொடுத்தது. டொமைன் என்பது வெறும் விலாசம் அல்ல, வியாபாரப் பெயரும் அதுதான், ஒருவர் பெயரைப் போல் வைத்து ஜனங்களைக் குழப்பினால் சட்டம் தடுக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பக்கத்துத் தெரு ராயலுக்கு முன்னால் 'நியூ' போடுகிற மாமாக்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

அண்ணன் தம்பி

"வம்பே வேண்டாம். சொந்தப் பெயரையே வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லலாம். சொந்தப் பெயரில் ஒரு நல்ல குணம் உண்டு. அதை விட்டு ஓட முடியாது. தகப்பன் பெயரைப் போர்டில் எழுதியவன், ரோடு போடாமல் ஏமாற்ற ஒரு நிமிடமாவது யோசிப்பான்.

ஆனால் அதிலும் ஒரு வினை இருக்கிறது. மும்பையில் 'லோதா' என்று பெரிய கட்டடக் கம்பெனி. தந்தை தொடங்கியது. அண்ணன் அபிஷேக் லோதா நடத்துகிறார். தம்பி அபிநந்தன் லோதா பிரிந்துபோய், தன் முழுப் பெயரையும் சேர்த்து வேறு கம்பெனி தொடங்கினார். அதுவும் நிலம், வீடு விற்கும் கம்பெனிதான். 'லோதா' என்ற சொல்லைத் தம்பி பயன்படுத்தக்கூடாது என்று அண்ணனின் கம்பெனி 2025 ஜனவரியில் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. கேட்ட நஷ்ட ஈடு 5,000 கோடி ரூபாய்!

ஒரு சொல்லுக்கு 5,000 கோடி. அதுவும் இருவருக்கும் ஒரே தகப்பன் கொடுத்த சொல்.

சமரசம் பேசும்படி கோர்ட்டு சொன்னது. ஓய்வு பெற்ற சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஒருவர் நடுவில் இருந்து பேசினார். 2025 ஏப்ரலில் ராஜி ஏற்பட்டது. 'லோதா', 'லோதா குரூப்' என்ற பெயர்கள் அண்ணன் கம்பெனிக்கு. 'ஹவுஸ் ஆப் அபிநந்தன் லோதா' என்ற பெயர் தம்பிக்கு. இரண்டுக்கும் ஒட்டு உறவு இல்லை என்பதை ஜனங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் முடிவாயிற்று.

மாமாவும் மச்சானும் இன்றைக்கு ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். நாளைக்குப் பிரிந்தால் பெயர் யாருக்கு, டொமைன் யாருக்கு என்று ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் குடும்பத்தில் சண்டை ஒன்று குறையும்.

சாதாரணப் பெயர் வைத்தும் பெரிய ஆள் ஆகலாம். 1946-ல் டெல்லியில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 'டெல்லி லேண்ட் அண்ட் பைனான்ஸ்' என்று பெயர். கம்பீரமும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. டெல்லியில் நிலமும் கடனும் என்று சொல்லுகிற பெயர். இன்று 'டி.எல்.எப்.' என்றால் நாடு முழுவதும் தெரியும்.

ஏரி போய் ரோடு வந்தது

கம்பெனிப் பெயரைவிட நீண்ட நாள் வாழ்வது நகரின் பெயர். ஐந்து ஏக்கரை மனைகளாகப் பிரித்து மாமா ஒரு பெயர் வைக்கிறார் அல்லவா? அந்தப் பெயர் பத்திரத்தில் ஏறுகிறது. ரேஷன் கார்டில் ஏறுகிறது. பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டில் ஏறுகிறது. மாமா போன பிறகும் அது போகாது.

சென்னையில் தியாகராய நகரைப் பாருங்கள். 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து அந்த நகரை உண்டாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை வைத்தார்கள். நூறு வருடமாக ஜனங்கள் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். பக்கத்தில் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் ரோடு என்று அர்த்தம். ரோடு இருக்கிறது. ஏரி எங்கே?

பழைய பெயர்கள் பொய் சொல்லுவதில்லை. 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. ஓர் ஊர்ப் பெயர் தாங்கல் என்று முடிந்தால், அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது என்று பாட்டன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்த இடத்துக்கு 'கார்டன்' என்றும், 'பாரடைஸ்' என்றும் புதுப் பெயர் வைக்கிறார்கள். மனை வாங்கப் போகிறவருக்குப் பழைய பெயர் தெரியாமல் போகிறது. தண்ணீருக்குத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வெள்ளம் வந்தபோது, அது பழைய பெயரைத் தேடிக்கொண்டுதான் வந்தது.

நோட்டீசில் புதுப் பெயருக்குக் கீழே கிராமத்தின் பெயரையும் சர்வே நம்பரையும் போடுகிற கம்பெனியை நம்பலாம். போடாதவரிடம், "ஐயா, இந்த இடத்துக்கு முன்னால் என்ன பெயர்?" என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் மனை வாங்க வேண்டாம்.

மறந்துபோன 35 டாலர்

மனைக் கம்பெனிகளிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு நகருக்கும் ஒரு தனி முகவரி எடுக்கிறார்கள். பளபளப்பாகப் படம் போடுகிறார்கள். மனை விற்றுத் தீர்ந்ததும் அடுத்த வருடப் பணத்தைக் கட்டுவதில்லை. வாங்கியவர் நோட்டீசைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். நாலு வருடம் கழித்து அதில் உள்ள முகவரியைத் தட்டினால் ஒன்றும் வராது. சில சமயம் வேறு எதுவோ வரும். குடும்பத்தோடு பார்க்க முடியாத படமாகக் கூட இருக்கும்.

மறதி பெரியவர்களுக்கும் வருவதுதான். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், 'மைக்ரோசாப்ட்' தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' முகவரிக்குப் பணம் கட்ட மறந்துவிட்டது. 'ஹாட்மெயில்' கடிதங்களைத் திறக்க முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். கட்ட வேண்டிய தொகை 35 டாலர். கம்ப்யூட்டர் தெரிந்த யாரோ ஒருவர், தன் கார்டிலிருந்து அதைக் கட்டினார். கதவு திறந்தது!

மைக்ரோசாப்டுக்கு அது மறதி. மனைக் கம்பெனி வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் அது மறதி அல்ல. ஒவ்வொரு நகருக்கும் புதுப் பெயர், புது முகவரி, புதுப் போன் நம்பர் என்று மாற்றிக்கொண்டே போகிறவர், முன்னே வருகிறவரை வரவேற்கப் பெயர் மாற்றவில்லை. பின்னால் வருகிறவரிடமிருந்து தப்பிக்க மாற்றுகிறார். கம்பெனிக்கு ஒரே முகவரி இருக்கட்டும். அதற்குள்ளே நகருக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். விற்றுத் தீர்ந்த நகரின் வரைபடமும், அனுமதி நகலும் அந்தப் பக்கத்திலேயே கிடக்கட்டும்.

போர்டில் இன்னும் ஒரு வரி

2016-ல் நாடாளுமன்றம் ரியல் எஸ்டேட் சட்டம் கொண்டுவந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவும், 8 வீட்டுக்கு மேற்பட்ட கட்டடமும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்யாமல் விளம்பரம் போடவும் கூடாது. மீறினால், திட்டத்தின் மதிப்பில் 10 சதவீதம்வரை அபராதம். தரகர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது. விளம்பரத்தில் பதிவு நம்பரைப் போட வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் இன்டர்நெட் முகவரியையும் எடுப்பாகப் போட வேண்டும். கம்பெனி தன் முகவரியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டால் போதாது. அதைச் சரிபார்க்கிற முகவரியையும் சேர்த்துப் போட வேண்டும். விளம்பரத்தில் பொய் சொல்லி, அதை நம்பி ஒருவர் பணம் கொடுத்து நஷ்டப்பட்டால், அவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 12-வது பிரிவு.

மனை பார்க்கப் போகும் குடும்பத்தார் பெயரை ஒரு தடவை படித்தால் போதும். நம்பரை இரண்டு தடவை படிக்க வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், ஆணையத்தின் முகவரியில் அந்த நம்பரைத் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே வருகிற கம்பெனிப் பெயரும் போர்டில் உள்ள பெயரும் ஒன்றா? அட்வான்சு கேட்கிறவரின் பாங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்கிறதா?

மாமாவும் மச்சானும் என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லையே! போர்டு எழுதுகிறவர் பெயின்டைக் குழைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மச்சான் பெரியம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான்.

"பெரியம்மா, ஒரு பெயர் சொல்லுகிறேன். திருப்பிச் சொல்லு."

"என்ன பெயருடா?"

"ஸ்ரீலட்சுமி நியூ ராயல் கார்டன் பிரமோட்டர்ஸ்."

"இது என்னடா, கூட்ஸ் வண்டி மாதிரி!"

மாமா போர்டுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எழுதாதேப்பா, நிறுத்து. முதலில் கீழே நம்பருக்கு இடம் விட்டுக்கொள். பெயரை நாளைக்குச் சொல்லுகிறோம்."